பாஸ்

சோதினை 'பாஸ்' பண்ணுவதே வாழ்க்கை என்றிருந்தது யாழ்ப்பாணம். 1990களில் அச்சொல் கடதாசியாயிற்று. குடாநாட்டை விட்டு வெளியேறப் பிணையாள் நிறுத்திப் புலிகளிடம் ஒரு பாஸ்; வவுனியாவில் தங்க அரச படைகளிடம் இன்னொன்று. மறிக்க வல்லவனே பாஸ் தருவான். இதில் இரு தரப்புக்கும் பேதமில்லை.

மூலமோ எளியது. இலத்தீனில் 'பாஸுஸ்' என்றால் காலடி. அதில் பிறந்த பிரெஞ்சு 'பாஸே', கடந்துசெல்லல் என்ற பொருளோடு ஆங்கிலத்தில் 'பாஸ்' ஆனது. பாஸ்போட்டின் முற்பாதியும் அதுவே. பிரெஞ்சில் அக்காலடி 'பா' என நின்றது. 'ஓரடியும் நடவேன்' என மறுப்பை அழுத்த வந்த அடி, காலப்போக்கில் தானே மறுப்பாயிற்று. எங்கள் 'ஒரு சொட்டும் இல்லை'யில் வரும் சொட்டுக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை. லாசப்பலில் பொலிஸ் மறிக்கையில், கடதாசி இல்லையென்று 'பா த பப்பியே' என்கிறார்களே, அந்தப் 'பா' இதுதான்.