30 தடவை தூக்கலாமா? ஜிம்முக்குப் போகும் நம் பிள்ளைகளுக்காக ஒரு விளக்கம்

மழைக்காலத்தில் பிளவக்கல் அணையில் தண்ணீர் பெருகினால் வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் பக்கத்துக் குடும்பங்கள் சாப்பாடு கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவது வழக்கம். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை நாமும் போயிருந்தோம். கூட வந்த உறவுக்காரப் பையன், கல்லூரியில் படிப்பவன், பிரியாணிச் சட்டியை வண்டியிலிருந்து இறக்கக் குனிய முடியாமல் நின்றான்.

"காசு கட்டி ஜிம்முக்குப் போயி முதுகப் புடிச்சுக்கிட்டு வந்திருக்கான்" என்றார் அவனுடைய அத்தா.

விசாரித்தால் விஷயம் இதுதான். முந்தின நாள் 40 கிலோ பார்பெல்லைத் தரையிலிருந்து தலைக்கு மேல் 30 தடவை, கடிகாரத்தை ஓடவிட்டுத் தூக்கியிருக்கிறான். அந்தத் தூக்கலைக் கற்கத் தொடங்கி இரண்டு வாரம்தான் ஆகிறது.

இந்தப் பயிற்சி அவன் ஜிம்மில் கண்டுபிடித்தது அல்ல. அமெரிக்காவில் கிரெக் கிளாஸ்மன் தொடங்கிய கிராஸ்ஃபிட் முறையில் 'கிரேஸ்' என்று ஒரு பயிற்சி உண்டு. 61 கிலோவை 30 தடவை கிளீன் அண்டு ஜெர்க் செய்ய வேண்டும். பெண்களுக்கு 43 கிலோ. 'இசபெல்' என்பதில் அதே எடையை 30 தடவை ஸ்னாட்ச். தேர்ந்தவர்கள் 2 நிமிடத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். மூச்சு வாங்கும், வியர்வை கொட்டும், உடம்பு முழுக்க வேலை செய்யும். நேரம் மிச்சம். இளைஞர்களுக்குப் பிடிக்காமல் போகுமா?

ஆனால் பளுதூக்கும் வீரர்களும் அவர்களுடைய பயிற்சியாளர்களும் இதைப் பார்த்துத் தலையில் கை வைக்கிறார்கள். காரணம் புரிய வேண்டுமானால் போட்டி எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். ஸ்னாட்ச் என்றால் பார்பெல்லை ஒரே வீச்சில் தலைக்கு மேல் கொண்டுபோவது. கிளீன் அண்டு ஜெர்க் என்றால் முதலில் தோளுக்கு, பிறகு தலைக்கு மேல். ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்பு, ஆக மொத்தம் ஆறு. வேலூர் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014-இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் ஸ்னாட்சில் 149, கிளீன் அண்டு ஜெர்க்கில் 179, ஆக 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். அந்த மேடையில் அவருக்கு இருந்ததும் ஆறே வாய்ப்புதான். அந்த ஆறுக்காக வருடக்கணக்கில் பயிற்சி. அந்தப் பயிற்சியிலும் பெரும்பாலும் ஒன்று, இரண்டு, மூன்று தடவை தூக்கிவிட்டு சில நிமிடங்கள் உட்கார்ந்துவிடுவார்கள்.

அது சோம்பல் இல்லை. வெடிப்பு போன்ற இந்த வேகத்துக்குத் தசையில் உடனடியாகக் கிடைக்கும் சக்தி சுமார் 10 நொடிக்குத்தான் வரும். அது மறுபடி நிரம்பச் சில நிமிடங்கள் பிடிக்கும். அதற்குள் அடுத்தடுத்துத் தூக்கினால் கால் தள்ள வேண்டிய வேலையை முதுகு இழுக்கத் தொடங்கும். பார்பெல் உடம்பை விட்டு விலகும், இடுப்பு வளையும். 25-வது தடவையில் நடப்பது முதல் தடவையில் கற்றுக்கொண்ட அசைவே அல்ல. இன்னொன்றும் உண்டு. போட்டியில் தூக்கி முடித்ததும் ரப்பர் தட்டு மாட்டிய பார்பெல்லைக் கீழே விட்டுவிடுவார்கள். நம் ஊர் ஜிம்களில் பலவும் மாடியில், இரும்புத் தட்டுகளோடு இருக்கின்றன. கீழே போட்டால் கட்டடக்காரர் சண்டைக்கு வருவார். எனவே பையன் 30 தடவை தூக்குவதோடு 30 தடவை இறக்கவும் வேண்டியிருக்கிறது. அந்தப் பையனின் முதுகு பிடித்துக்கொண்டது பெரும்பாலும் இந்த இறக்கத்தில்தான் என்பது நம் எண்ணம்.

எதிர்த்தரப்புக்கும் நியாயம் உண்டு. எடையைக் குறைத்துக்கொண்டால் ஆபத்தும் குறையும், களைப்பிலும் ஒழுங்காக அசையப் பழகுவதே ஒரு திறமை என்கிறார்கள். கிராஸ்ஃபிட் செய்பவர்களிடம் கேட்டு 2013-இல் வெளியான ஓர் ஆய்வில் 1000 மணி நேரப் பயிற்சிக்கு 3.1 காயம் என்று கணக்கு வந்தது. பளுதூக்குதலிலும் ஜிம்னாஸ்டிக்ஸிலும் ஏற்படுவதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ரக்பி போன்ற மோதல் விளையாட்டுகளில் இதைவிட அதிகம். அவரவர் சொன்னதை வைத்துப் போட்ட கணக்கு என்றாலும், "ஜிம்முக்குப் போனாலே முதுகு போய்விடும்" என்று வீட்டில் பயமுறுத்துவோர் இதையும் கவனிக்க வேண்டும். அதே ஆய்வில் அடிபட்ட இடங்களில் முன்னால் நின்றவை தோளும் முதுகெலும்பும்.

யோசித்தால் இந்த வித்தியாசம் நம் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரிந்ததுதான். தென்மாவட்டக் கிராமங்களில் கிடக்கும் இளவட்டக்கல்லைத் தூக்குபவர் முழங்காலுக்கு, நெஞ்சுக்கு, தோளுக்கு என்று ஏற்றிப் பின்னால் போட்டுவிடுவார். அதோடு சரி. அதை 30 தடவை தூக்கு என்று யாரும் சொன்னதில்லை. நூற்றுக்கணக்கில் சுற்றுவதற்குக் கர்லாக்கட்டை, எண்ணி எண்ணிச் செய்வதற்குத் தண்டாலும் பஸ்கியும் தனியாக இருந்தன. இது ஒரு தடவைக்கான கருவி, அது நூறு தடவைக்கான கருவி.

நம் கருத்தும் அதுவே. ஸ்னாட்சும் கிளீன் அண்டு ஜெர்க்கும் அருமையான பயிற்சிகள். ஆர்வமுள்ள பிள்ளை தாராளமாகக் கற்கட்டும். வெறும் கம்பியிலோ மூங்கில் குச்சியிலோ தொடங்கி, தெரிந்தவர் பக்கத்தில் நின்று பார்க்க, சில மாதம் போகட்டும். அதிக தடவை செய்தே ஆக வேண்டும் என்றால் மிகக் குறைந்த எடை போதும். கடிகாரம் வேண்டாம். அசைவு கெட்டதும் நிறுத்த வேண்டும். போர்டில் எல்லோருக்கும் ஒரே எடை எழுதிப் போடும் இடமாக இருந்தால் அத்தாமார் ஒரு நாள் நேரில் போய்ப் பேசுவது நல்லது.

முதுகு வலியைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. பழக்கமில்லாத உடம்பை அளவுக்கு மீறி வேலை வாங்கினால் தசைகள் சிதைந்து, அதிலிருந்து வெளியாகும் மயோகுளோபின் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். இது எல்லோருக்கும் வருவதில்லை, ஆனால் வந்தால் விளையாட்டில்லை. உடம்பில் நீர் குறைந்திருந்தால் ஆபத்து கூடும். ஆகவே ரமளானில் நோன்பு வைத்துக்கொண்டு அஸருக்குப் பிறகு இப்படிப்பட்ட பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளை நிறுத்துங்கள். இஃப்தாருக்குப் பிறகு தண்ணீர் குடித்து, தராவீஹ் முடிந்து இலேசாகச் செய்தால் போதும். தசை வீங்கி, வலி தாங்க முடியாமல், சிறுநீர் கட்டன் சாயா நிறத்தில் போனால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். நேரத்தில் குளுக்கோஸ் பாட்டில் மாதிரி நீர் ஏற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

நம் பையனுக்குத் தசைப்பிடிப்புதான், அல்ஹம்துலில்லாஹ். சாப்பிட்டு முடித்ததும், "அப்ப மூச்சு வாங்குறதுக்கு நான் என்னதான் மாமு செய்றது?" என்று கேட்டான். அணைக்கு ஏறிவரும் சாலையைக் காட்டினோம். முதுகு சரியானதும் அதில் நாலு தடவை ஓடி ஏறிவிட்டுச் சொல் என்றோம்.