வேலியோரத்து விஞ்ஞானம்

சித்திரை வெயிலில் அலைந்து வீடு திரும்புபவர் முதலில் வேண்டுவது ஒரு குவளை குளிர்ந்த நீர். மோரும் இளநீரும் தேசிக்காய்த் தண்ணீரும் நம்மவர் நெடுங்காலமாகப் பருகி வந்த கோடைப் பானங்கள். அவ்வரிசையில் அண்மைக் காலத்திற் புதியதொன்று வந்து சேர்ந்திருக்கிறது. நீல நிறமாக நம் முன் வைக்கப்படும் அது, தேசிக்காய்ச் சாறு துளித்துளியாக விழுந்தவுடன் ஊதாவாகிப் பின்னர் இளஞ்சிவப்பாகிறது. நகரத்து உணவுச்சாலைகளில் இதனை நல்ல விலைக்கு விற்கிறார்கள். வாங்கிப் பருகுவோரிற் பலர் அறியாதது யாதெனில், அந்நீலம் நம் வேலியிற் படரும் காக்கணங்கொடியின் பூவிலிருந்து வருகிறது என்பதே.

காக்கணம் என்றும் சங்குப்பூ என்றும் நாம் வழங்கும் இம்மலர், பழந்தமிழ்ப் புலவர்களுக்குக் கருவிளையாக அறிமுகமானது. குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் தொடுத்த மலர் வரிசையில் கருவிளையும், அதன் வெண்ணிற இனமெனக் கருதப்படும் செருவிளையும் அடுத்தடுத்து நிற்கின்றன. குறுந்தொகைப் புலவரொருவர் வாடைக்காற்றில் ஆடும் கருவிளையைக் கண்டு, மயிற்பீலியின் கண்ணை நினைக்கிறார். இன்றும் விடியற்காலையிற் பூசைக்காக இதனைக் கொய்வாருளர். ஆயினும் இதனைப் பருகும் பழக்கத்தைப் பரவலாகக் கைக்கொண்டவர்கள் தென்கிழக்காசிய மக்களே. தாய்லாந்தில் இப்பூவிற்கு 'அஞ்சன்' என்று பெயர். நம்முடைய அஞ்சனம் என்னும் சொல்லை அது நினைவூட்டுகிறது. பூவை ஊறவைத்த நீரில் இனிப்பும் தேசிக்காய்ச் சாறும் கலந்து அங்கே விருந்தினருக்கு அளிப்பர். மலாயாவின் கிளந்தான் பகுதியிலோ இப்பூவின் சாற்றினாற் சோற்றுக்கே நீலமூட்டுவர்.

செய்முறை மிக எளியது. அன்றலர்ந்த பூக்கள் பத்துப் பன்னிரண்டு எடுத்து, பச்சைப் புல்லியை நீக்கிக் கழுவுக. கொதித்திறக்கிய நீர் இரண்டு கோப்பை ஊற்றி ஐந்து நிமிடம் மூடிவைத்து வடித்தால், தெளிந்த நீலநீர் கிடைக்கும். இதனைத் தேநீர் என்பது உபசாரமே. தேயிலை இதிற் சிறிதும் இல்லை. பூவிற்குத் தனிச்சுவை அதிகமில்லையாதலால், சுவையைத் தருவன சீனியும் தேசிக்காயுமே. நீலநீரை ஆறவிட்டுச் சீனி கலந்து, பருகும் வேளையிற் சாற்றைப் பிழிக. நிறங்களை அடுக்காகக் காண விரும்புவோர், தேசிக்காய்ச் சாறு கலந்த சீனிப்பாகை முதலில் ஊற்றி, அதன்மேற் பனிக்கட்டியிட்டு, நீலநீரை மெல்ல வார்க்க வேண்டும். பாகு கனமானது, அடியிலே தங்கும். ஆகவே கீழே சிவப்பும் இடையே ஊதாவும் மேலே நீலமுமாக மூன்று நிறங்கள் தோன்றும்.

இந்தப் பானத்தைக் காணும்போதெல்லாம் எனக்கொரு பழைய நாள் நினைவுக்கு வருகிறது. நான் ஆசிரியத் தொழிலிற் புகுந்த புதிதில், மாணவன் ஒருவன் ஒரு போத்தலில் காக்கணம்பூ ஊறிய நீரையும் ஒரு தேசிக்காயையும் வகுப்புக்குக் கொண்டுவந்தான். சாற்றைப் பிழிந்து நிறம் மாறுவதைக் காட்டி, "ஏன் சேர் இப்படி?" என்று கேட்டான். எனக்கு விடை தெரியாது. தெரியாது என்று சொல்ல மனமும் வரவில்லை. "இது சோதனைக்கு வராது, போய் இரு" என்றேன். அவன் போய் இருந்தான். அதன்பின் அந்த ஆண்டு முழுவதும் அவன் எதனையும் கேட்கவில்லை.

அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய விடை இது. பூவின் நீலம் அந்தோசயனின் என்னும் நிறப்பொருள் வகையைச் சேர்ந்தது. கிரேக்க மொழியிற் பூவையும் நீலத்தையும் குறிக்கும் சொற்களை இணைத்து, 1835 இல் மார்க்குவாட் என்னும் ஜெர்மானிய அறிஞர் இட்ட பெயரினின்று வந்தது இச்சொல். தேசிக்காயின் அமிலம் சேரும்போது ஐதரசன் அயன்கள் நிறப்பொருளின் மூலக்கூறோடு இணைகின்றன. அது உறிஞ்சும் ஒளி வேறாகிறது. ஆகவே நம் கண்ணுக்கு எட்டும் நிறமும் வேறாகிறது. சிறிது அப்பச்சோடா இட்டால் நீலம் மீளும். மிகுதியாக இட்டாற் பச்சையாகும். ஊதாப்பூப் பாகு ஒன்று அமிலத்திற் சிவந்து காரத்திற் பச்சையாவதை, 1664 இல் றொபேட் பொயில் தம் நூலிலே விளக்கியிருக்கிறார். பாடசாலையிற் காணும் பாசிச்சாயத்தாளும் இவ்வாறே நிறமாற்றத்தால் அமிலத்தையும் காரத்தையும் காட்டுவது.

அப்படியாயின் செவ்வரத்தம்பூ ஏன் இத்துணைத் தெளிந்த நீலம் தருவதில்லை? சாதாரண அந்தோசயனின்களை நடுநிலையான நீர் தாக்கி வெளிறச் செய்துவிடும். காக்கணத்தின் நிறப்பொருளுக்கோ இருபுறமும் நீண்ட கிளைகள் உண்டு. அவை மடிந்து நடுப்பகுதியைப் போர்த்தி நீரினின்று காக்கின்றன. இலினேயசு 1753 இல் இச்செடிக்குப் பெயரிட்டபோது, மொலுக்காத் தீவுகளில் ஒன்றான தெர்நாத்தேயை நினைவுகூர்ந்தார். அதனால் இந்நிறப்பொருளும் தெர்நாத்தின் எனப்படுகிறது.

யாழ்ப்பாணத்து வாசகர்கள் இன்னொன்றையும் கவனிக்கலாம். நம் கிணற்றுநீர் சுண்ணாம்புக் கற்பாறையினூடாக ஊறி வருவது. அமிலத்தின் ஒரு பகுதியை அது தானே எதிர்த்துச் செலவழித்துவிடும். எனவே மழைநீரிற் செய்த பானத்தைவிடக் கிணற்றுநீரிற் செய்த பானம் சிவக்கக் கூடுதலான சாறு வேண்டும். இரு குவளைகளையும் அருகருகே வைத்துத் துளிகளை எண்ணினால், ஒரு பிள்ளை தன் ஊரின் நிலத்தைப் பற்றியே ஒரு பாடம் கற்றுக்கொள்ளும்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பருகுதற்குரியது பூவிதழே, விதையும் வேரும் பேதியை உண்டாக்கும். 2021 இல் ஐக்கிய அமெரிக்க அரசு இப்பூவின் நீர்ச்சாற்றைச் சில உணவுகளுக்கு நிறமூட்டியாக அனுமதித்தது. அது நிறத்துக்குத் தந்த அனுமதி. நினைவாற்றலை வளர்க்கும், நோயைப் போக்கும் என்னும் விற்பனைப் பேச்சுக்குத் தந்த சான்று அன்று.

கடந்த சித்திரை விடுமுறையில் என் பேர்த்தி இதே கேள்வியைக் கேட்டாள். "எனக்கு முழுவதும் தெரியாது, வா பார்ப்போம்" என்றேன். மழைநீரும் கிணற்றுநீரும் எடுத்து, இருவரும் திண்ணையிலிருந்து துளிகளை எண்ணினோம். மேலே சொன்னவற்றிற் பாதி அதன்பின் நான் தேடிப் படித்தது. விடை தெரியாத ஆசிரியரால் மாணவருக்குக் கேடில்லை. கேள்வியை இருத்திவிடும் ஆசிரியராலேயே கேடு. அன்று போத்தலோடு வந்த மாணவன் இன்று எங்கிருக்கிறானோ அறியேன். இக்கட்டுரை அவன் கண்ணிற் படுமாயின், காலந்தாழ்த்த விடையாக ஏற்றுக்கொள்வானாக.