கால் நரம்புச் சுருட்டல்

நடவு வயலிலும் களத்திலும் பாடுபடும் குடியானவர் சிலருடைய கெண்டைக்காலில், நீலநிறமாய் மண்புழு நெளிந்தாற்போன்ற புடைப்புகளைக் காண்கிறோம். இதனை ‘நரம்புச் சுருட்டல்’ என்பது வழக்கம். உண்மையில் இது நரம்பன்று. இரத்தத்தை இருதயத்திற்குத் திருப்பிக் கொண்டு செல்லும் குழாயாகும். பெயரில் உள்ள இப்பிழையால் விளையும் கெடுதி சிறிதன்று. நரம்பு பிசகிற்றென்று எண்ணி அழுத்தித் தேய்த்து உருவிவிடுவோர் இன்றும் உளர்.

காலிலிருந்து இரத்தம் மேலேறும் வேலையை இருதயம் ஒன்றே செய்வதில்லை. நாம் நடக்கும்பொழுது கெண்டைச்சதை இறுகி உட்குழாய்களைப் பிழிகிறது. பிழியப்பட்ட இரத்தம் மீண்டும் கீழிறங்காவண்ணம் குழாய்களுள் மெல்லிய கதவுகள் அமைந்துள்ளன. இவற்றை இத்தாலி தேசத்துப் பதுவா நகர ஆசிரியர் பாப்ரீசியஸ் 1603-ல் விவரித்தார். அவருடைய மாணாக்கர் வில்லியம் ஹார்வி 1628-ல் வெளியிட்ட இரத்த ஓட்ட நூலில் இக்கதவுகளையும் ஒரு சான்றாகக் காட்டினார். கிணற்றுப் பம்பின் அடிவால்வு கசிந்தால் ஏறின நீர் வடிந்துவிடுவதை நம்மவர் அறிவர். காலிலும் நிகழ்வது அதுவே. கதவு சரிவர மூடாவிடில் இரத்தம் தேங்கிக் குழாய் விரிந்து நெளிகிறது.

அசையாது நிற்பவரின் கணுக்காலில் இக்குழாயின் அழுத்தம் பாதரச அளவில் 80 முதல் 90 மில்லிமீட்டர் வரை இருக்கும். நல்ல காலாயின், சில அடி நடந்தவுடன் சுமார் 30-க்கு இறங்கிவிடும். ஆகவே ஏரின் பின் நடப்பவனைக் காட்டிலும், நாள் முழுதும் வரப்பில் நின்று மேற்பார்வை பார்க்கும் எம்போன்றோரே அஞ்சவேண்டும்! பரம்பரை, பலமுறை கருவுறுதல், உடற்பருமன் ஆகியவையும் காரணங்களாம்.

நிற்க நேர்ந்தால் அடிக்கடி குதிகாலை உயர்த்தித் தாழ்த்துக. ஓய்வு வேளையில் வரப்பில் காலைத் தொங்கவிட்டு அமராமல், படுத்துக் கால்களை மார்பு மட்டத்திற்கு மேல் உயர்த்திக் கால்மணி நேரம் வைத்திருத்தல் நலம். இறுக்கும் காலுறையைக் காலையில் எழுந்தவுடன், வீக்கம் ஏறுமுன் அணிந்து, இரவில் கழற்றிவிடவேண்டும். ஆனால் நெடுநாள் பீடி, சுருட்டுப் பழக்கமுடையோர்க்கும், பாதம் சில்லிட்டு நடக்கையில் கால் வலிப்போர்க்கும் பாதத்திற்கு இரத்தம் கொண்டுவரும் குழாய்களே அடைபட்டிருக்கக்கூடும். அவர்கள் டாக்டரைக் கேளாமல் இதனை அணிதல் அபாயம்.

உட்கணுக்காலின் அருகில் தோல் கறுத்து அரிப்பெடுத்தால் தாமதியாதீர். அடுத்து வருவது ஆறாப்புண். பச்சிலை வைத்து மாதங்கள் கழிப்பதால் பயனில்லை. இக்காலத்தில் ஸ்கான் மூலம் பழுதுற்ற குழாயைக் கண்டு, லேசர் முதலியவற்றின் வெப்பத்தால் அடைத்துவிடுகின்றனர். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால், குழாயில் இரத்தம் உறைந்திருக்கலாம். தேய்க்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். மூச்சுத்திணறலும் சேர்ந்தால் ஒரு நாழிகையும் தாமதிக்கலாகாது.

முள்ளோ அரிவாளோ பட்டுப் புடைத்த குழாய் கிழிந்தால் இரத்தம் பீறிடும். நிற்கவைத்தே பார்த்துக்கொண்டிருந்தால் உயிருக்கே மோசம். உடனே தரையில் படுக்கவைத்துக் காலை உயரத் தூக்கி, சுத்தமான துணியால் காயத்தின்மீதே பத்து நிமிஷம் விடாமல் அழுத்துக. காயத்திற்கு மேலே கயிறு கட்டலாகாது. மேலேறும் இரத்தத்தை அது தடுத்துப் பெருக்கை அதிகமாக்கும். இரத்தம் நின்றதும் துணியைக் கட்டி, படுத்த நிலையிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்க.