பெட்ரோல் விலை: நம் பேச்சும் கணக்கும்

உணவுக்கடை மேசையில் நான்கு பேர் கூடினால், பேச்சு எப்படியும் பெட்ரோல் விலைக்கு வந்துவிடும். மோட்டார் சைக்கிளில் தொழிற்சாலைக்குச் செல்லும் அண்ணனுக்கும், வாடகை அறையிலிருந்து வளாகத்திற்கு வரும் மாணவருக்கும் அது மாதச் செலவைத் தீர்மானிக்கும் செய்தி. அப்பேச்சில் அடிக்கடி காதில் விழும் மூன்று கருத்துகளைக் கணக்கோடு பார்ப்போம்.

‘இன்றிரவே நிரப்பிவிடு’

2008 ஜூன் 4-ஆம் தேதி மாலை வந்த அறிவிப்பை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் 1 வெள்ளி 92 காசிலிருந்து 2 வெள்ளி 70 காசாக உயரும். புதிய விலை நள்ளிரவு முதல் நடப்புக்கு வரும் என்றது அரசாங்கம். லிட்டருக்கு 78 காசு ஏற்றம். 40 லிட்டர் நிரப்பியவர் 31 வெள்ளி 20 காசு மிச்சப்படுத்தினார். அன்று எண்ணெய் நிலையங்களில் வரிசை பிடித்து நின்றவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஆனால், அந்தப் பழக்கம் நம்மிடம் தங்கிவிட்டது. 2017 மார்ச் இறுதியில் வாராந்திர விலை முறை தொடங்கியபோதும் வரிசைகள் தொடர்ந்தன. லிட்டருக்கு 5 காசு ஏறினால் 40 லிட்டருக்கு மிச்சமாவது 2 வெள்ளிதான். 4 லிட்டர் பிடிக்கும் மோட்டார் சைக்கிளுக்கு 20 காசு! இஞ்சினை அணைக்காமல் அரை மணி நேரம் நின்றால், அந்த மிச்சத்தின் ஒரு பகுதி வரிசையிலேயே எரிந்துவிடும்.

‘97 ஊற்றினால் வண்டி பறக்கும்’

ரோன் 95, ரோன் 97 என்னும் எண்கள் எரிபொருளின் வலிமையைக் குறிப்பவை அல்ல. இஞ்சினுக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை அழுத்தப்படுகிறது. தீப்பொறி மூட்டும் தீ பரவி முடிவதற்குள், எஞ்சிய கலவை அழுத்தத்தால் தானாகவே பற்றிக்கொண்டால் ‘டொக் டொக்’ என்று தட்டும் ஒலி எழும். நாளடைவில் இஞ்சின் பழுதாகும். எண் கூடக் கூட, அவ்வாறு தானாகப் பற்றாமல் தாக்குப்பிடிக்கும் தன்மை கூடுகிறது. அவ்வளவே.

அழுத்தம் மிகுந்த சில இஞ்சின்களுக்கு 97 தேவைப்படலாம். 95 போதும் என்று தயாரிப்பாளர் குறிப்பிட்ட வண்டிக்கு 97 ஊற்றினால், கூடுதலாகக் கொடுத்த பணத்திற்கு ஏற்ற பயன் கிடைக்காது. கையேட்டைப் பார்ப்பதே சரியான வழி. பல கார்களில் எண்ணெய் மூடியின் உட்புறத்திலும் இக்குறிப்பு இருக்கும்.

‘மலிவு விலை ஏழைக்குத்தான்’

இது பாதி உண்மை. 2025 செப்டம்பர் 30 முதல் செல்லுபடியாகும் உரிமம் வைத்துள்ள குடிமக்கள் மைகார்டைக் காட்டி, மாதம் 300 லிட்டர் வரை, ரோன் 95-ஐ 1 வெள்ளி 99 காசுக்கு வாங்கும் திட்டம் அறிமுகமானது. உதவித் தொகை இல்லாத விலை அப்போது 2 வெள்ளி 60 காசு. அதாவது, லிட்டருக்கு 61 காசு பொதுப்பணம். மாதம் 20 லிட்டர் ஊற்றும் மோட்டார் சைக்கிளோட்டிக்கு அதில் கிடைத்தது 12 வெள்ளி 20 காசு. பெரிய காரில் 300 லிட்டரையும் பயன்படுத்தியவருக்கு 183 வெள்ளி. கூடுதலாக எரிப்பவருக்கே கூடுதல் உதவி என்பது இதன் குறை.

அதற்காக உதவித் தொகையே வேண்டாம் என்று எளிதாகச் சொல்லிவிடவும் முடியாது. 2008-இல் அதே இரவு டீசலும் லிட்டருக்கு 1 வெள்ளி ஏறியது. சந்தைக்குக் காய்கறி ஏற்றிவரும் லோரிகள் டீசலில் ஓடுகின்றன. எரிபொருள் விலை ஏறும்போது, சொந்தமாக வண்டியே இல்லாத பாட்டியும் கத்தரிக்காய் விலையில் அதன் ஒரு பங்கைச் செலுத்துகிறார்.

ஆகவே, மேசையில் எழும் முணுமுணுப்பு வெறும் புலம்பல் அன்று. அடுத்த முறை அப்பேச்சு எழும்போது விலை எவ்வளவு என்பதோடு நின்றுவிடாமல், யார் எத்தனை லிட்டர் எரிக்கிறார், அதற்கான பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துக் கேட்போம்.