இளைத்தவளுக்கு எள்

சென்ற மாதம் கிள்ளானில் ஒரு கல்யாண விருந்து. கை கழுவப் போகும் வழியில் பெரியம்மா என் கன்னத்தைக் கிள்ளி, "என்னடி, சதை போட்டுட்டியே!" என்றார். பக்கத்தில் நின்ற அண்ணி எனக்காகச் சங்கடப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கோ பெரியம்மாவை அங்கேயே கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. அந்தச் சதைக்காக நான் பதினான்கு மாதம் உழைத்திருக்கிறேன்.

நம் நாட்டில் உடல் எடை என்றாலே குறைப்பது பற்றித்தான் பேச்சு. அதற்குக் காரணமும் இருக்கிறது. 2023-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல் பருமனோ கொண்டவர்கள். இப்படிப்பட்ட இடத்தில் "நான் எடை ஏற வேண்டும்" என்று சொன்னால், "எங்கிட்ட இருந்து பத்துக் கிலோ எடுத்துக்கோயேன்" என்று சிரிப்பார்கள். இந்த நகைச்சுவையைக் குறைந்தது நூறு முறை கேட்டிருப்பேன். ஒவ்வொரு முறையும் நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

என் உயரம் 160 சென்டிமீட்டர். 29 வயதில் எடை 42 கிலோ. பிஎம்ஐ கணக்குப் போட்டால் 16.4 வரும். 18.5-க்குக் கீழே இருந்தாலே எடை குறைவு என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பள்ளியில் எனக்கு 'ஈர்க்குச்சி' என்று பெயர். பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார் போகும்போது, "பொண்ணு நல்ல பொண்ணுதான், ஆனா பிள்ளைய சுமக்கிற உடம்பா இது?" என்று தரகரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். குண்டாக இருப்பவரிடம் "ஏன் இவ்வளவு குண்டு?" என்று முகத்துக்கு நேரே கேட்கத் தயங்குகிறவர்கள்கூட, ஒல்லியானவரிடம் "வீட்ல சோறு போடலையா?" என்று கேட்கத் தயங்குவதில்லை. அது பாராட்டு என்றே பலர் நினைக்கிறார்கள்.

இதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது ஒன்று நடந்தது. அப்பாவுக்கு இதய பைபாஸ் அறுவைச் சிகிச்சை. குடும்பத்தில் முடிந்தவர்கள் ரத்தம் கொடுங்கள் என்றார்கள். அண்ணன், சித்தப்பா மகன்கள் இருவர், பக்கத்து வீட்டுச் சீனர் ஒருவர், நான் என ஐந்து பேர் போனோம். தராசில் ஏறினேன். 42.3. தாதி முகம் மாறாமல், "45 கிலோ இருக்க வேண்டும்" என்று மலாயில் சொல்லிவிட்டு, நான் நின்ற விதத்தைப் பார்த்து இரக்கப்பட்டோ என்னவோ, ஒரு மைலோ பொட்டலத்தை என் கையில் வைத்தார். அப்பாவுக்கு ரத்தம் கொடுத்த நால்வரும் படுக்கையில் இருக்க, கொடுக்காத நான் வெளியே உட்கார்ந்து மைலோ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அங்கிள் கொடுக்கிறார், பெற்ற மகளால் முடியவில்லை.

அப்பா பிழைத்து வீடு வந்து சேர்ந்த பிறகு, அரசாங்க கிளினிக்குக்குப் போனேன். ஒரு வெள்ளி கட்டணம். ஆனால் பாதி நாள் காத்திருப்பு. எடை ஏறவில்லை என்றால் முதலில் செய்ய வேண்டியது இதுதான் என்று இப்போது எல்லாரிடமும் சொல்கிறேன். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், காசநோய் இருந்தாலும், சர்க்கரை நோய் இருந்தாலும், மனச்சோர்வு இருந்தாலும் உடம்பு இளைக்கும். எனக்கு எல்லாப் பரிசோதனையிலும் ஒன்றுமில்லை. உணவியல் அதிகாரியிடம் அனுப்பினார்கள்.

"நான் நல்லாத்தான் சாப்பிடுறேன்" என்று அவரிடம் அடித்துச் சொன்னேன். மூன்று நாள் சாப்பிடுவதை எல்லாம் எழுதி வரச் சொன்னார். காலையில் காப்பி, இரண்டு கிரீம் கிரேக்கர். மதியம் கலவைச் சோற்றுக் கடையில் அரைத் தட்டுச் சோறு, ஒரு காய், ஒரு துண்டு மீன். மாலையில் தே ஓ. இரவில் ஒரு தோசை, இல்லாவிட்டால் மேகி. கூட்டினால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,300 கலோரி. நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று இருபத்தொன்பது வருடம் நம்பியிருக்கிறேன்! கல்யாண வீட்டில் மூன்று முறை பாயசம் வாங்குவது மட்டுமே நினைவில் நிற்கிறது. மற்ற நாட்களில் வேலை மும்முரத்தில் மறந்துபோன மதியச் சாப்பாடு நினைவில் நிற்பதில்லை.

படிப்படியாக 1,800-க்குக் கொண்டு போங்கள், அதற்கு மேல் ஒரு முந்நூறு, நானூறு ஏற்றுங்கள், கூடவே எடை தூக்கிப் பயிற்சி செய்யுங்கள் என்றார் அவர். பயிற்சி எதற்கு, இருக்கிறதும் கரைந்துவிடுமே என்று கேட்டேன். "அப்பாவுக்குச் சர்க்கரைன்னு சொன்னீங்களே, அவர் குண்டா?" என்று திருப்பிக் கேட்டார்.

அப்பா என்னைப் போலவே ஒல்லி. கை கால் குச்சி. வயிறு மட்டும் லேசாக முன்தள்ளி இருக்கும். 'ஒல்லியா இருக்கிறவங்களுக்கு நோய் வராது' என்று வீட்டில் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தபோதே அவருக்கு 44 வயதில் சர்க்கரை வந்தது. புனேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக், இந்தியர்களின் இந்த உடல்வாகைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் அவரும் பிரிட்டனைச் சேர்ந்த ஜான் யட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படம் ஒன்று வந்தது. இருவருக்கும் பிஎம்ஐ ஒன்றே, 22.3. ஆனால் உடலில் கொழுப்பு யட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாக்னிக்குக்கு 21.2 விழுக்காடு. தராசு இருவரையும் ஒன்று என்கிறது, உள்ளே இருப்பது வேறு வேறு. நெய்யும் பலகாரமுமாகத் தின்று எடையைக் கூட்டியிருந்தால், நான் 45 கிலோவைத் தொட்டிருப்பேன், அப்பாவின் வயிற்றையும் சேர்த்து வாங்கியிருப்பேன். எனக்கு வேண்டியது தசை.

அப்படித்தான் அந்த உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனேன். கிள்ளானில் ஒரு இரும்புச் சாமான் கடைக்கு மேல்மாடி. குளிர்சாதனம் கிடையாது, இரண்டு பெரிய மின்விசிறி. மாதம் 60 வெள்ளி. நடத்துகிறவர் இளம் வயதில் பளுதூக்கும் போட்டிகளுக்குப் போனவர். எல்லாரும் 'அண்ணன்' என்றே கூப்பிடுவோம். "எடை ஏறணுமா? சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வாங்க, உங்க ஆளுங்க அப்பத்தான் வருவாங்க" என்றார்.

என் ஆட்கள்! அப்படி ஒரு கூட்டம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. ஆறு மாதம் காசநோய் மருந்து சாப்பிட்டு முடித்த தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஒருவர். குடல் புற்றுநோய்ச் சிகிச்சையில் பதினெட்டுக் கிலோ இழந்த, பணி ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர், வயது 61. ஆறடி உயரத்தில் 52 கிலோ இருந்த கல்லூரிப் பையன். பிள்ளை பெற்ற பிறகு இளைத்துப்போன ஒரு மலாய்க்காரப் பெண். இரவு வேலை பார்க்கும் லாரி ஓட்டுநர். கடைசியாக நான். வாரம் ஒரு முறை, காலையில் ஒன்றும் சாப்பிடாமல், அதே தராசில் ஏறி, '555' நோட்டில் எண்ணை எழுதுவோம். கடன் கணக்கு எழுதும் அதே சின்ன நோட்டுதான். யாருக்காவது அரைக் கிலோ ஏறியிருந்தால் கைதட்டுவார்கள். என் வாழ்நாளில் என் எடைக்கு யாரும் கைதட்டியதில்லை.

பயிற்சி முடிந்ததும் எதிரே உள்ள மாமாக் கடைக்குப் போவோம். அங்கே ஒரே ஒரு விதி: கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் எழக்கூடாது. ஆசிரியைக்கு இரண்டு தோசை சாப்பிட ஒரு மணி நேரம் ஆகும். நடுவில் நிறுத்திவிட்டு மூச்சு வாங்குவார். யாரும் "சாப்பிடுங்க டீச்சர்" என்று நச்சரிக்க மாட்டார்கள். இன்னொரு தே தாரேக் சொல்லிவிட்டுக் கதை பேசிக்கொண்டிருப்போம். பசியில்லாத வயிற்றோடு சாப்பிடுவது எவ்வளவு பெரிய வேலை என்பது அந்த மேசையில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

நிஜமாகவே வேலைதான். காலையில் இரண்டு முட்டை, கடலை வெண்ணெய் தடவிய ரொட்டி. மதியம் முழுத்தட்டுச் சோறு, கூடவே தெம்பே. மலிவு, புரதமும் நிறைய. மாலையில் முழுக்கொழுப்புப் பாலில் வாழைப்பழம் அடித்துக் குடிப்பேன். 'இளைத்தவனுக்கு எள், கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்ற பழமொழியை அம்மா கண்டுபிடித்தவர் போலப் பெருமையோடு சொல்லி, வாரா வாரம் எள்ளுருண்டை பிடித்துத் தந்தார். நூறு கிராம் எள்ளில் ஏறக்குறைய 570 கலோரி என்று படித்தபோது, பழமொழி சொன்னவர் சும்மா சொல்லவில்லை என்று தெரிந்தது. எடை ஏற்றும் மாவு டப்பா ஒன்றும் வாங்கிப் பார்த்தேன். பின்பக்கத்தைப் படித்தால் பெரும்பகுதி மால்டோடெக்ஸ்ட்ரின், அதாவது வேகமாகச் சர்க்கரையாகும் மாவுச்சத்து. அதன் விலைக்கு எத்தனை தட்டு முட்டை வாங்கலாம் என்று கணக்குப் போட்டு நிறுத்திவிட்டேன்.

அந்தக் கல்லூரிப் பையன் மட்டும் எங்களை எல்லாம் முந்திக்கொண்டு போனான். ஐந்து வாரத்தில் ஆறு கிலோ. முதலில் கைதட்டினோம். பிறகு பார்த்தால் கையும் காலும் அப்படியே இருக்க, முகம் மட்டும் உருண்டு சந்திரன் போல ஆகிவிட்டது. ஆசிரியைதான் அவனைத் தனியே கூப்பிட்டு விசாரித்தார். "மூலிகை மாத்திரை டீச்சர், பசி எடுக்கும்னு சொன்னாங்க." இரவுச் சந்தையில் வாங்கியது. டப்பாவில் பதிவு எண் எதுவும் இல்லை. மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்றார் மருத்துவர். இப்படிப்பட்ட பொருள்களில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலக்கப்படுவது பற்றி நம் சுகாதார அமைச்சும் சிங்கப்பூர் அதிகாரிகளும் பலமுறை எச்சரித்திருக்கிறார்கள். பசி எடுக்கும், முகம் ஊதும், ரத்தத்தில் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். பயந்துபோய்ச் சட்டென்று நிறுத்தினாலும் ஆபத்து. உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதை அதற்குள் மறந்திருக்கும். மருத்துவர் மேற்பார்வையில்தான் மெல்ல மெல்ல நிறுத்தினார்கள். பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை: 'மால்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் முத்திரையும் இல்லாத மாத்திரையை, அது மூலிகையே ஆனாலும், வீட்டுக்குள் விடாதீர்கள். அவன் அதைச் சாப்பிட்டது ஆசையால் மட்டும் அல்ல. வகுப்பில் அவனை 'எலும்புக்கூடு' என்று கூப்பிட்டார்களாம்.

எனக்கு வேறு பிரச்சினை. கணக்குப்படி மாதம் ஒரு கிலோவாவது ஏற வேண்டும். ஏறியது அரைக் கிலோ, சில மாதம் அதுவும் இல்லை. அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் 1999-இல் வெளிவந்த ஓர் ஆய்வைப் படித்தபோதுதான் கொஞ்சம் புரிந்தது. 16 பேருக்கு எட்டு வாரம், தினமும் 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள். ஒருவருக்கு நாலு கிலோவுக்கு மேல் கொழுப்பு சேர்ந்தது. இன்னொருவருக்கு அரைக் கிலோகூடச் சேரவில்லை. சேராதவர்கள் தங்களை அறியாமலே அதிகம் அசைந்திருக்கிறார்கள்: எழுவது, நடப்பது, நெளிவது. நான் உட்கார்ந்த இடத்தில் காலை ஆட்டிக்கொண்டே இருக்கும் ஆள். "காலாட்டாதே, வீட்டுக்கு ஆகாது" என்று அம்மா திட்டாத நாளில்லை. வீட்டுக்கு ஆகுமோ ஆகாதோ, எடைக்கு ஆகவில்லை. இன்னும் ஆட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். எள்ளுருண்டையை இரண்டிலிருந்து மூன்றாக்கினேன்.

பத்தாவது மாதம், 46.2. எங்கள் வட்டாரத்துக் கோயில் மண்டபத்தில் ரத்ததான முகாம் நடந்தது. தராசில் தேறிவிட்டேன். விரல் நுனியில் குத்திப் பார்த்த தாதி தலையை ஆட்டினார். ஹீமோகுளோபின் 11.8, பெண்களுக்கு 12.5 வேண்டும். எடையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ரத்தத்தின் நினைவே வரவில்லை. அன்று மாமாக் கடையில் அழுதுவிட்டேன். லாரி அண்ணன் ஒன்றும் பேசாமல் எனக்கு அரைவேக்காட்டு முட்டை இரண்டு வரவழைத்தார். கிளினிக்கில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, அதைக் காப்பி, டீயோடு சாப்பிடாதீர்கள் என்றார்கள். நான் இத்தனை நாளும் சாப்பிட்ட உடனே டீ குடிக்கிறவள்.

ஆசிரியை நான்கு கிலோ ஏறி, ஒரு காய்ச்சலில் இரண்டு கிலோ இழந்தார். மறுபடியும் வருகிறார். இப்போது அரை மணி நேரத்தில் இரண்டு தோசையை முடித்துவிடுகிறார். பையனுக்கு முகம் பழையபடி வடிந்துவிட்டது. 55 கிலோவில் நிற்கிறான், முட்டையும் பயிற்சியும் மட்டும்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ஒரு முகாம். அப்பாவும் கூட வந்தார், நான் வேண்டாம் என்று சொல்லியும். எடை 49.4, ஹீமோகுளோபின் 12.9. தாதி எண்ணை எழுதிக்கொண்டு, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "மூணாவது படுக்கை" என்றார். பை நிறைய பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அப்பா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "காலை ஆட்டாம இரும்மா" என்றார். எழுந்து வெளியே வந்ததும் மேசையில் ஒருவர் பிஸ்கட்டும் மைலோ பொட்டலமும் எடுத்துக் கொடுத்தார். அப்பா தனக்கும் ஒன்று கேட்டார். சர்க்கரைக்காரருக்கு மைலோ கிடையாது என்று நான் பிடுங்கிக்கொண்டேன்.