தாடை மூட்டும் அதன் நிழற்படங்களும்

காதுத் துவாரத்துக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால் தோலுக்கடியில் நகர்வதாகத் தட்டுப்படுகிறதே, கீழ்த்தாடை எலும்பின் அந்தக் குமிழ், குறுக்கே ஏறத்தாழ 15 முதல் 20 மில்லிமீட்டர் அகலமும், முன்பின்னாக அதில் பாதியளவு கனமும் உடையதாய், உள்முனை சற்றுப் பின்வாங்கிச் சாய்ந்து கிடப்பது. அதன் உச்சி சிலருக்குக் கவிந்தும், சிலருக்குத் தட்டையாயும், சிலருக்குக் கூம்பியும் அமைந்திருக்கும். படம் பிடிப்போரின் சங்கடங்களுக்கெல்லாம் அந்தச் சாய்வே மூலகாரணம்.

பல் வைத்தியர் முதலில் எடுத்துவரச் சொல்லும் ஓ.பி.ஜி. என்ற அகன்ற எக்ஸ்ரே, ஃபின்லாந்து தேசத்துப் பாட்டெரோ 1940களின் இறுதியிலிருந்து உருவாக்கிய யுக்தி. அதில் கிரணக் குழாயும் பதிவுத் தகடும் தலையைச் சுற்றி வந்து, பல்வரிசையின் வளைவை ஒட்டிய ஒரு படலத்தை மாத்திரம் தெளிவாகப் பதிக்கின்றன. பற்களை உத்தேசித்து வகுத்த அந்தப் பாதையில் மூட்டும் அகப்படுகிறதென்றாலும், கிரணம் குமிழின்மீது கோணலாகப் பாய்வதாலும், கன்ன எலும்பின் நிழல் குறுக்கே விழுவதாலும், நோயாளி முகவாயைச் சற்று உயர்த்தினாலோ தாழ்த்தினாலோகூடக் குமிழின் உருவம் மாறித் தோன்றிவிடுகிறது. எலும்பு முறிவையும், இருபுறத்துக் குமிழ்களின் பெரிய வித்தியாசத்தையும் அது காட்டும் என்பது மெய்யே. ஆனால் அதை மட்டும் ஆதாரமாகக் கொண்டு குமிழ்களை ஜாதி பிரித்து எழுதும் ஆராய்ச்சிகளைச் சந்தேகத்தோடு படிப்பதே உசிதம் என்பது என் அபிப்பிராயம். 2009இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சி.டி. படத்தைப் பிரமாணமாக வைத்துப் பார்த்தபோது, மூட்டுத் தேய்மானம் இருந்த இடங்களில் ஓ.பி.ஜி. கண்டுபிடித்தது நூற்றுக்கு 26 மட்டுமே.

1990களின் பிற்பகுதியில் பல் வைத்தியத்துக்கு வந்த சி.பி.சி.டி., கூம்பு வடிவக் கிரணத்தைத் தலையைச் சுற்றிச் செலுத்திச் சேகரித்தவற்றைக் கணிப்பொறியில் கனவடிவமாக்குவதால், வைத்தியர் குமிழின் சாய்வுக்கு இணங்கவே குறுக்குவெட்டை அமைத்து, வடிவத்தையும் அளவையும் நிழல் கலவாமல் காண முடிகிறது. எலும்பின் உருவத்துக்கு இதுவே சிறந்தது. ஆனால் ஓ.பி.ஜி.யின் கதிர்வீச்சு சுமார் 10 முதல் 25 மைக்ரோசீவர்ட் என்றால், இதில் படம் பிடிக்கும் பரப்புக்குத் தக்கபடி அது சில நூறுவரை ஏறக்கூடும்.

குமிழுக்கும் அது பொருந்தியிருக்கும் மண்டையோட்டுக் குழிக்கும் இடையிலுள்ள மெல்லிய வட்டு இவ்விரண்டிலும் தெரியாது. அது இடம் பெயர்ந்திருக்கிறதா என்று அறிய, கதிர்வீச்சே இல்லாத எம்.ஆர்.ஐ. வேண்டும்; ஆனால் மேற்சொன்ன ஆய்வில் எலும்புத் தேய்மானத்தை அது காட்டியது நூற்றுக்கு 59. குமிழ் தட்டையாகியும் வலியே அறியாதோர் அநேகர் உண்டாகையால், வாய் திறக்கையில் 'டக்' என்ற சத்தம் மட்டும் கேட்டு, வலியும் இறுக்கமும் இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் இவற்றில் எதுவுமே அவசியமில்லை.