பப்பாசிக் கன்றை எப்போது நட வேண்டும்?

சில வருடங்களுக்கு முன்னர் அரை ஏக்கர் காணியில் ‘ரெட் லேடி’ பப்பாசி நட இறங்கினேன். கன்று விற்பவர் இரண்டு வகையைக் காட்டினார். ஒரு பக்கம் சாண் உயரமும் இல்லாத கன்றுகள். மறுபக்கம் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்தவை. இரண்டுக்கும் ஒரே விலை. வியாபாரிப் புத்தி பெரியதைத்தான் வாங்கியது.

நட்டு ஒரு மாதமாகியும் புதுத் துளிர் வரவில்லை. இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். ஆணிவேர் பையின் அடியில் முட்டி, கயிறு போல் சுருண்டு கிடந்தது. பாதிக்கு மேல் பட்டுப்போயின. மீண்டும் கன்று, மீண்டும் கூலி. அதைவிடப் பெரிய நட்டம், கைநழுவிப் போன மழை.

பப்பாசிக்கு வேரைக் குழப்பினால் பிடிக்காது. ஆகவே விதையைப் பையிலேயே போட்டு, பை கொள்ளும் அளவைத் தாண்டி வேர் வளர முன்னர் நட்டுவிட வேண்டும். விதை போட்டு ஆறு முதல் எட்டு வாரத்தில், 15 முதல் 20 சென்றிமீற்றர் உயரத்தில் இருக்கும் கன்றே சரியான கன்று.

மழையை நம்பி நடுபவர்கள் கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். உலர் வலயத்தில் பெரும்போக மழை ஒக்டோபரில் தொடங்குகிறது. அப்படியானால் விதை ஓகஸ்ட் நடுப்பகுதியில் பையில் இருக்க வேண்டும். இரண்டடிக் குழியையும் முன்கூட்டியே வெட்டி, மேல்மண்ணும் கூட்டெருவும் கலந்து நிரப்பி வையுங்கள். ஆனால் மழை தேவை என்பதற்காகத் தண்ணீர் தேங்க விடக்கூடாது. ஓரிரு நாள் தேங்கினாலே வேர் அழுகிவிடும். வடிகால் இல்லாத பள்ளக் காணியில் மண்ணை மேடாக்கித்தான் நட வேண்டும்.

நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து நிழலையும் தண்ணீரையும் சிறிது சிறிதாகக் குறைத்தால் கன்று வெயிலுக்குப் பழகும். மாலை நேரத்தில், மண்கட்டி உடையாமல் பையைக் கிழித்து நடுங்கள். பையில் இருந்த மட்டத்துக்கு மேல் தண்டைப் புதைக்க வேண்டாம்.

வாங்கும்போது இலையின் அடிப்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். பஞ்சு போல் வெள்ளையாக இருந்தால் அது மாப்பூச்சி. 2008இல் இந்நாட்டில் காணப்பட்ட பப்பாசி மாப்பூச்சி தோட்டங்களைப் படுத்திய பாடு பலருக்கு நினைவிருக்கும்.

கன்று விற்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. விற்காமல் மிஞ்சிய பழைய கன்றைத் தள்ளிவிட்டால் அன்றைய காசு வரும். அடுத்த போகத்தில் அந்த ஆள் வரமாட்டார். முற்பணத்துடன் ஓடர் எடுத்து, நடும் திகதியைக் கேட்டு விதை போட்டால் சரக்கு தேங்காது.

பப்பாசியில் முதல் காய் பறிக்க எட்டு, ஒன்பது மாதம் செல்லும். அதுவரை காணிக் குத்தகை, உரம், தண்ணீர், கூலி எல்லாம் கைக்காசு. அந்தச் செலவோடு பார்த்தால் கன்றின் விலை சிறியது. ஆனால் எல்லாம் அதில்தான் தங்கியிருக்கிறது. கன்று வாங்கப் போனால் உயரத்தை அளக்காதீர்கள். விதை போட்ட திகதியைக் கேளுங்கள்.